பழைய சீராவும் வன்னி மூக்கும்

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிரான்ஸில் இருக்கும் தாய்மாமன் விடுமுறைக்கு வந்தபோது 2005ஆம் ஆண்டு கோர்னாஸ் வைன் ஒரு போத்தல் கொடுத்துவிட்டுப் போனாராம். "இது சாதாரண சாமான் இல்லை, பார்த்துக் குடி" என்றும் சொல்லியிருக்கிறார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் சேறு மாதிரி ஏதோ கிடக்கிறது. கழுத்துப் பக்கம் பார்த்தால் நிறமும் சிவப்பாக இல்லை, செங்கல் மாதிரி மங்கிக் கிடக்கிறது. கெட்டுப்போய்விட்டதா, நல்லதென்றால் எப்படிக் குடிப்பது, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

நான் லியோன் நகரத்தில் ஒரு உணவகத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவன். முதல் நாலு வருடம் கோப்பை கழுவினேன். அப்புறம் நிலவறையில் வைன் அடுக்குகிற வேலை கிடைத்தது, மூக்கு திறந்தது அங்கேதான். இப்போது மாங்குளத்துக்குப் பக்கத்தில் தோட்டம் செய்கிறேன். கோர்னாஸ் என்பது பிரான்ஸில் ரோன் ஆற்றுப் பக்கத்து ஊர், அந்த ஊர் வைன் முழுக்க முழுக்க சீரா என்ற கறுப்புத் திராட்சை. அந்த ஊர்ச் சட்டப்படி வேறு திராட்சை ஒரு சொட்டும் கலக்க முடியாது. அதனால் இந்தப் பதில் அந்த ஒரு போத்தலுக்கு மட்டுமில்லை, வயது போன எந்தச் சீராவுக்கும் பொருந்தும்.

முதலில் பயத்தைத் தீர்க்கிறேன். அடியில் கிடப்பது மண்டி. கள்ளு முட்டியில் மண்டி பார்த்து வளர்ந்த நாங்கள் இதற்குப் பயப்படலாமா? ஆனால் கள்ளு மண்டி பெரும்பாலும் மதுவம் (ஈஸ்ட்), இது வேறு. திராட்சைத் தோலிலிருந்து வந்த நிறப் பொருளும், துவர்ப்பைக் கொடுக்கும் டானினும் வருடக்கணக்காக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகின்றன. சங்கிலி பாரமானதும் கரைந்து நிற்க முடியாமல் அடியில் படிகிறது. நிறம் குறைந்ததற்கும் துவர்ப்பு மென்மையானதற்கும் காரணம் இதுதான். இளம் சீரா நாவற்பழச் சாறு மாதிரி ஊதாக் கறுப்பு. பத்து வருடத்தில் மாதுளைச் சிவப்புக்கு வரும். இருபதில் ஓரம் செங்கல் நிறமாகும். உங்கள் போத்தல் தன் வயதுக்குரிய நிறத்தில்தான் இருக்கிறது. ஓரம் மட்டுமில்லாமல் நடுவும் சேர்ந்து சாயத்தண்ணி மாதிரிப் பழுப்பாகத் தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு மனத்தடை உண்டு. எங்களுக்குத் தெரிந்த பானம் பனங்கள்ளு. காலையில் இறக்கினால் காலையில் குடிக்க வேண்டும், பின்னேரம் புளித்துவிடும். "இருபது வருடம் வைத்த பானம்" என்றால் மனம் ஒப்பாது. சாராயம் வயதாவது வேறு கதை. இங்கே சாராயத்தை ஊறப்போடுவது சிங்களத்தில் ஹல்மில்ல என்று சொல்லும் சாவண்டலை மரப் பீப்பாய்களில். எங்கள் காட்டு மரம்தான். ஆனால் மரத்தைவிட்டுப் போத்தலுக்குள் வந்தபின் சாராயம் அப்படியே நின்றுவிடும், ஐம்பது வருடம் வைத்தாலும் அதே சாராயம். வைன் போத்தலுக்குள்ளும் மாறிக்கொண்டே இருக்கும். தக்கை வழியாக மிகக் கொஞ்சமாக ஒட்சிசன் போகும். உள்ளே அமிலமும் டானினும் மதுசாரமும் ஒன்றை ஒன்று மெல்லத் தின்னும். எல்லா வைனும் இப்படி நல்லபடி மாறாது என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பு சுப்பர்மார்க்கற்றில் வாங்குகிற மலிவான ஷிராஸை (சீராவுக்கு இன்னொரு பெயர்) பத்து வருடம் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது பழைய மலிவான ஷிராஸ். கருங்கல் சரிவில் குறைந்த விளைச்சலில் வந்த, டானினும் புளிப்பும் நிறைந்த சீராதான் இந்தப் பயணத்தைத் தாங்கும். கோர்னாஸ் அந்தச் சாதி.

சரி, இப்போது உண்மையான எதிரி. வெக்கை.

போத்தல்கள் நிம்மதியாக உறங்கும் வெப்பநிலை 12 முதல் 14 பாகை செல்சியஸ். எங்கள் வீட்டுக்குள் சித்திரையில் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் ஊர் திரும்பிய வருடம் ஆசையாக ஆறு போத்தல் சென் ஜோசப் கொண்டுவந்தேன், அதுவும் சீராதான். தகரக் கூரை வீட்டில் இரும்பு அலுமாரிக்குள் துணி சுற்றி வைத்தேன். மாசியில் வைத்ததை ஆவணியில் எடுத்தபோது இரண்டு போத்தலின் தக்கை கழுத்தைவிட்டு ஒரு நெல்மணி அளவு மேலே வந்திருந்தது. கழுத்தில் பிசுபிசுப்பு. வெக்கையில் உள்ளே வைன் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. திறந்து ஊற்றினால் பழத்தின் உயிர் இல்லை. கொதித்து இறுகிய ஜாமும் சோயா சோஸும் கலந்த மாதிரி ஒரு மணம், வாயில் தட்டையாகக் கிடந்தது. மிச்சம் நாலும் அப்படித்தான். ஆறு போத்தலும் இறைச்சிக் கறிக்குள் போனது, கறி திறமாகத்தான் இருந்தது என்று மனிசி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஆகவே உங்கள் போத்தலின் கழுத்தைப் பாருங்கள். தக்கை மூடிக்குள் புடைத்து நிற்கிறதா, ஓரத்தில் ஒழுகிய தடம் இருக்கிறதா, வைன் மட்டம் தோளுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் பெரும்பாலும் தப்பியிருக்கிறது. மாமா அதைக் கட்டுநாயக்காவிலிருந்து வான் டிக்கிக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தால், அந்த ஏழெட்டு மணி நேரத்துக்காக நானும் உங்களோடு சேர்ந்து நேர்ந்துகொள்கிறேன். நீண்ட பயணம் வந்த பழைய போத்தல் கலங்கியிருக்கும், குறைந்தது இரண்டு மூன்று கிழமை ஆற விடுங்கள். அதுவரை பிரிஜ்ஜின் மரக்கறித் தட்டில் படுக்க வையுங்கள். பிரிஜ் வைனுக்குக் கொஞ்சம் அதிகக் குளிர்தான், கனகாலம் வைக்க நல்ல இடமுமில்லை. ஆனால் வன்னியில் அறையைவிட பிரிஜ் ஆயிரம் மடங்கு மேல். "இன்னும் அஞ்சு வருஷம் வைப்பம்" என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். நிலவறை இல்லாத ஊரில் பழைய வைனைச் சேமிப்பது ஐஸ்பழத்தைச் சேமிப்பது மாதிரி.

குடிக்க எண்ணும் நாளுக்கு இரண்டு நாள் முன் போத்தலை எழுப்பி நேராக நிறுத்துங்கள், மண்டி அடிக்கு இறங்கட்டும். பரிமாற நல்ல வெப்பநிலை 16 முதல் 18 பாகை. "சிவப்பு வைன் அறை வெப்பநிலையில்" என்று படித்திருப்பீர்கள். அந்த அறை ஐரோப்பாக் குளிர்காலத்துக் கல் வீட்டு அறை, பரந்தன் சந்தி அறை இல்லை. முப்பது பாகையில் மதுசாரம்தான் முதலில் மூக்கில் ஏறும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்து, சற்றுக் குளிராகவே தொடங்குங்கள். கிளாஸில் அது தானே ஏறும், எங்கள் ஊரில் சூடாவதற்கு யாரும் உதவி செய்யத் தேவையில்லை. கரண்ட் போய்விட்டால் ஈரச் சாக்கைச் சுற்றி வாசலில் கச்சான் காற்றில் வையுங்கள். அது காய்ந்த காற்று, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போத்தலைக் குளிர வைக்கும்.

இருபது வருடத் தக்கை பிஞ்சு மனசுக்காரன், வேகமாக இழுத்தால் உடையும். முறுக்குக் கம்பியை நேராக, அடிவரை இறக்கி, அவசரமில்லாமல் இழுங்கள். இரண்டு மெல்லிய தகடு உள்ள இழுப்பான் கிடைத்தால் இன்னும் நல்லது, தக்கையைத் துளைக்காமல் பக்கத்தால் இறங்கிப் பிடித்து எடுக்கும். உடைந்து உள்ளே விழுந்தாலும் குடி முழுகிப் போகாது. சுத்தமான பருத்தித் துணியில் வடித்துவிடலாம், சவர்க்கார மணம் மட்டும் துணியில் இருக்கக் கூடாது.

மண்டியைப் பிரிப்பதுதான் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டிய வேலை. கண்ணாடி ஜக் ஒன்றை எடுங்கள். போனின் ரோச்சைப் போட்டு மேசையில் மேல்நோக்கி வைத்து, அந்த வெளிச்சத்துக்கு நேரே போத்தல் கழுத்து வரும்படி பிடித்து, ஒரே சரிவில், நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் மண்டி புரண்டு எழும்பும். கடைசியில் கழுத்துக்குள் ஒரு கறுப்பு நூல் மாதிரி ஓடி வருவது தெரியும். அந்த இடத்தில் கையை நிமிர்த்துங்கள். அடியில் ஒரு விரற்கடை மிஞ்சினால் கவலைப்படாதீர்கள். மண்டி விஷமில்லை, ஆனால் கைக்கும், வாயில் மணல் மாதிரி நெருடும்.

ஊற்றியவுடன் ஒரு வாய் பாருங்கள். சில பழைய போத்தல்கள் திறந்ததும் மூடிய வீட்டு மணத்தோடு இருக்கும், அரை மணி நேரத்தில் தெளியும். சில திறந்தவுடன் உச்சத்தில் நின்று ஒரு மணி நேரத்தில் வாடிவிடும். 2005 கோர்னாஸ் உடம்பு உள்ள வைன், அரை மணி முதல் ஒரு மணி வரை காற்றுத் தாங்கும் என்று எதிர்பார்க்கிறேன். நாற்பது வருடத்துப் போத்தலாக இருந்தால் ஜக்கில் ஊற்றிவிட்டு வெளியே போய்க் கதைத்துக்கொண்டு நிற்க விடமாட்டேன்.

கிளாஸ் வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். மேலே வெறுமையாக இருக்கும் இடம்தான் மணம் தங்கும் இடம். சில்வர் ரம்ளர் வேண்டாம். மூக்குப்பேணியும் வேண்டாம், அதில் மூக்கு பேணிக்குத்தான் இருக்கிறது, எங்களுக்கு வேலை இல்லை. முக்கியமாக நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள்! சாம்பிராணி, மல்லிகை, வாசனைப் பவுடர் ஒன்றும் அந்த அறையில் வேண்டாம். நுளம்பு கடித்தாலும் பரவாயில்லை, ஒரு மணி நேரம் பொறுங்கள்.

இனி மணம். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

லியோனில் ஒருநாள் இரவு, மேசையில் மிச்சம் விட்டுப்போன 1990ஆம் ஆண்டு எர்மித்தாஜ் (அதுவும் ரோன் பக்கத்துச் சீராதான்) ஒன்றின் கடைசி இரண்டு விரற்கடையை முதலாளி எனக்குத் தந்தார். அங்கே எல்லோரும் தோல், காட்டுத் தரை, கிழங்குக் காளான் என்று பிரெஞ்சில் அடுக்குவார்கள். நான் அந்தச் சொற்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன், ஆனால் எதுவும் மூக்கோடு ஒட்டவில்லை. அன்றைக்கு முகர்ந்தபோது முதலில் வந்தது பழம், ஆனால் புதுப் பழம் இல்லை. வெயிலில் விழுந்து சுருங்கிய நாவற்பழம். கிளாஸை ஒரு சுழற்றுச் சுழற்றி மறுபடி வைத்தேன். புகை. அடுத்தது எண்ணெய் ஊறிய பழைய மரம். பிறகு உப்பும் மஞ்சளும் பூசிக் காய்ந்த இறைச்சி. எனக்கு ஒரே சொல்தான் வந்தது, பரண். ஒட்டுசுட்டானில் அம்மம்மாவின் குசினியில் அடுப்புக்கு மேலே தடியால் கட்டிய பரண் இருந்தது. அதில் இறைச்சி வத்தலும் புளியும் விதை நெல்லும் வருடக்கணக்கில் புகை குடித்துக்கொண்டு கிடக்கும். அந்தப் பரணுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது வரும் மணம் அப்படியே அந்தக் கிளாஸில் இருந்தது. முதலாளி "என்ன?" என்று கேட்டார். அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். "நாங்கள் பன்றி இறைச்சிப் புகை என்று சொல்வது அதைத்தான்" என்றார். எனக்கு அவருடைய சொல்லைவிட என்னுடைய சொல்தான் சரியாகப் பட்டது. இப்போதும் அப்படித்தான்.

அதனால் உங்களுக்கும் ஒரு அட்டவணை தந்து மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். வயதான சீராவில் பொதுவாக இருக்கும் மணங்களுக்கு எங்கள் காட்டிலேயே ஆள் இருக்கிறது. காய்ந்த கறுப்புப் பழம் என்றால் நாவல். சிலநேரம் வெயிலில் கறுத்த பாலைப்பழத்தின் அந்தப் பிசின் இனிப்பு. தோல் என்றால் செருப்புக் கடையை நினைக்காதீர்கள், பறையை நெருப்பில் காய்ச்சும்போது எழும் மணத்தை நினையுங்கள். புகையிலை என்றால் பற்றவைக்காத சுருட்டு. காட்டுத் தரை என்பது மார்கழியில் முதிரை, பாலை மரங்களுக்குக் கீழே ஊறிக் கிடக்கும் சருகு, அதைக் காலால் கிளறினால் வரும் மணம். இரும்பு, இரத்தம் என்று சிலர் எழுதுவது துலாக் கிணற்றுச் சங்கிலியைப் பிடித்த உள்ளங்கை. கறுப்பு ஒலிவ் காய் நாங்கள் வளர்ந்தபோது பார்த்திராத சாமான், அது மட்டும் பிரான்ஸுக்குப் போய்த்தான் எனக்குத் தெரியும். எல்லாம் ஒரே போத்தலில் வராது. மூன்று வந்தால் நல்ல போத்தல், அவை அரை மணிக்கொரு தடவை இடம் மாறினால் மிக நல்ல போத்தல்.

முதல் மழை மண்வாசனை வரவேண்டுமா என்று கேட்பீர்கள். கொஞ்சமாக, ஈரச் சருகோடு சேர்ந்து வந்தால் அழகு. குளத்துச் சேறு மாதிரித் தனியாக முட்டி நின்றால் அது குறை. மழை மண்ணுக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் ஜியோஸ்மின் என்ற அதே பொருள் பூஞ்சை பிடித்த திராட்சை வழியாக வைனுக்குள் வந்துவிடும். அங்கே அதை யாரும் விரும்புவதில்லை.

மிளகைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீராவில் மிளகு மணக்கிறது என்று கனகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், காரணம் தெரியாமல். 2008இல் அவுஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பிடித்தார்கள். ரொட்டண்டோன் என்ற பொருள். எங்கள் ரசத்துக்குப் போடும் மிளகுக்கு மணம் கொடுப்பதும் அதே பொருள்தான். உவமையே இல்லை, நிசமாகவே மிளகு. ஒரு லீற்றர் சிவப்பு வைனில் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்த பங்கில் 16 இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அது தெரியவே இல்லை. ஆகவே நீங்கள் "மிளகு" என்று சொல்ல உங்கள் அண்ணன் "எங்கே மிளகு, விசர்க் கதை" என்று சொன்னால் சண்டை வேண்டாம், இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறீர்கள். குளிரான இடத்துச் சீராவில் மிளகு தூக்கலாக இருக்கும். பழம் ஒதுங்கிய பிறகும் அது நின்று பிடிக்கும் என்பது என் அனுபவம்.

வாயில் வைத்ததும் விழுங்காதீர்கள். நாக்கின் மேல் ஓட விட்டு, கொஞ்சம் காற்றை உறிஞ்சி, இரண்டு கன்னத்துக்கும் கொண்டுபோங்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் டானினை விளக்கப் படாத பாடு படுவார்கள். எங்களுக்கு அறுசுவையிலேயே துவர்ப்பு இருக்கிறது, வாழைப்பூவும் பாக்கும் தின்றவனுக்கு விளக்கம் எதற்கு? உமிழ்நீரில் உள்ள புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் முரசு வரண்டு இழுக்கும். இளம் கோர்னாஸ் பச்சைப் பாக்கைக் கடித்த மாதிரி, வாயைக் கட்டிப்போடும். இருபது வருடத்தில் அது நன்றாகப் பழுத்த நாவலை உப்புத் தொட்டுச் சாப்பிட்ட பிறகு நாக்கில் மிஞ்சும் அளவுக்கு இறங்கியிருக்கும். பட்டுத்துணி என்று சொல்வார்கள், எனக்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்றான கைத்தறிச் சாரம்தான் ஞாபகம் வரும். கன்னத்தின் ஓரம் ஊறினால் புளிப்பு உயிரோடு இருக்கிறது. புளிப்புப் போய்விட்ட பழைய வைன் முதுகெலும்பு இல்லாமல் நிற்கும். விழுங்கிய பிறகு மணம் எவ்வளவு நேரம் தொண்டையில் நிற்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து செக்கனில் போனால் சாதாரணம். அரை நிமிடம் தாண்டினால் மாமா சொன்னது சரி.

இனிப்பைத் தேடினால் ஏமாற்றம்தான் வரும். வைன் என்றால் எங்கள் பக்கம் பலருக்கும் ஞாபகம் வருவது யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆசிரமத்து இனிப்பு வைன், அல்லது கிறிஸ்மஸ் நேரத்து வீட்டு வைன். அவை வேறு வகை. கோர்னாஸில் சீனி அநேகமாக முழுக்க நொதித்து முடிந்திருக்கும். முதல் வாய் உங்களுக்குக் கசாயம் மாதிரி இருக்கலாம். மூன்றாம் வாயில்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சீரா, ஷிராஸ் இரண்டும் ஒரே திராட்சை. பாரசீகத்து ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை கனகாலம் ஓடியது. எர்மித்தாஜ் மலையில் 13ஆம் நூற்றாண்டில் போரில் சலித்த ஒரு வீரன் துறவியாகித் தங்கினான், அவன்தான் கொடி கொண்டுவந்தான் என்றும் சொல்வார்கள். 1990களின் இறுதியில் மரபணுவைப் பார்த்து முடிவு கட்டிவிட்டார்கள். துரேசா என்ற கறுப்புத் திராட்சைக்கும் மொந்தேஸ் பிளான்ஷ் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த பிள்ளை, இரண்டும் தென்கிழக்குப் பிரான்ஸ்காரர். எர்மித்தாஜ் மலை உச்சியில் சின்ன தேவாலயம் ஒன்று நிற்கிறது. அதை வைத்து ஜபூலே வைன் வீட்டார் தங்கள் எர்மித்தாஜுக்கு "லா சப்பல்" என்று பெயரிட்டார்கள். 1961ஆம் ஆண்டு லா சப்பல் உலகத்தில் மிகப் பெரிதாகப் பேசப்படும் சிவப்பு வைன்களில் ஒன்று. எங்களுக்கு லா சப்பல் என்றால் பரிஸில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்கும் பகுதி. முதலாளி முதன்முதலில் "லா சப்பல் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டபோது, "பார்க்காமல்? போன சனிதான் அங்கே கொத்துரொட்டி சாப்பிட்டேன்" என்றேன். அந்தக் கதை அந்த உணவகத்தில் நான் விலகும்வரை ஓடியது. கோத் ரோத்தி என்ற இன்னொரு ரோன் சீராவின் பெயரிலும் ரொட்டி இல்லை, "வறுபட்ட சரிவு" என்று பொருள். அங்கே வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை ஐந்தில் ஒரு பங்குவரை சேர்க்க அனுமதி உண்டு. அதனால் அது கோர்னாஸைவிடப் பூ மணத்தோடு மென்மையாக இருக்கும்.

அவுஸ்திரேலியாவில் உறவுகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பரோசா பள்ளத்தாக்கில் 1840களில் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. அதே அவுஸ்திரேலியாவில் மக்ஸ் ஷூபர்ட் என்பவர் 1951இல் தொடங்கிய கிரேஞ்ச் என்ற ஷிராஸ் வைனை 1957இல் நிறுத்தச் சொல்லிவிட்டது அவருடைய கம்பனி. மனிதர் ஒளித்து ஒளித்துச் செய்தார். போத்தலில் வயது ஏறிய பிறகு பழைய கிரேஞ்சைக் குடித்துப் பார்த்தவர்கள்தான் தங்கள் முடிவு பிழை என்று உணர்ந்து, 1960இல் மறுபடி செய்யச் சொன்னார்கள். வெயில் அதிகம் கண்ட அந்த ஷிராஸ் வயதானால் சொக்லேற்றும் உலர்ந்த அத்திப்பழமும் தூக்கலாக வரும், மிளகும் புகையும் பின்னுக்கு நிற்கும். இரண்டில் எது மேல் என்று கேட்டால், நான் பரண் கட்சி.

கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? நனைந்த கடதாசி மட்டை, பூஞ்சணம் பிடித்த நிலவறை மணம் வந்து பழ மணம் ஒன்றும் எழும்பவில்லை என்றால் தக்கை நோய். எவ்வளவு ஆறவிட்டாலும் போகாது, ஊற்றிவிடுங்கள். வினாகிரி மாதிரி மூக்கைக் குத்தினாலும் முடிந்தது. மாட்டுப்பட்டி மணம் மட்டும் விவாதத்துக்கு உரியது. பிரெத்தனோமைசிஸ் என்ற மதுவத்தின் வேலை அது. பழைய ரோன் வைன்களில் கொஞ்சம் இருந்தால் ரசிப்பவர்கள் உண்டு. எனக்குச் சாணி மெழுகிய முற்றம் அளவுக்குச் சம்மதம். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் மணம் வரத் தொடங்கினால் கிளாஸைக் கீழே வைத்துவிடுவேன்.

சாப்பாட்டில் மிளகாய்தான் பிரச்சினை. எங்கள் தூள் போட்ட ஆட்டிறைச்சிக் கறியோடு இதைக் குடித்தால் உறைப்பும் மதுசாரமும் சேர்ந்து வாய் எரியும், இருபது வருடம் காணாமல் போகும். அதே ஆட்டிறைச்சியை மிளகும் சீரகமும் கொஞ்சம் கருவாவும் போட்டு, மிளகாயைக் கைவிட்டு, தண்ணீர் வற்றப் பிரட்டுங்கள். மாரிக்குப் புற்றடியில் காளான் கிடைத்தால் நெய்யில் வதக்குங்கள், அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. நந்திக்கடல் இறால் எவ்வளவு திறமானாலும் அன்றைக்கு வேண்டாம். மீனோடும் இறாலோடும் சிவப்பு வைன் சேர்ந்தால் வாயில் தகர ருசி வரும்.

இன்னொன்று. எங்கள் ஊரில் குடி எத்தனை வீட்டைத் தின்றிருக்கிறது என்று நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. அதனாலேயே வைனைப் பற்றிக் கதைத்தாலே முகம் சுழிப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று ஐந்து பேருக்கு. ஆளுக்கு ஒரு கிளாஸ், அதை இரண்டு மணி நேரம். வீட்டில் இருபத்தொரு வயது ஆகாத பெடியன்கள் மணந்து பார்க்கட்டும், அது போதும். பிறகு ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள்.

நாள் என்னைக் கேட்டால், மார்கழி கடைசியில் மழை விட்ட ஒரு பின்னேரம். வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் எங்கள் ஊர் வெக்கை அந்த வைனுக்கு வழி விடும். இரணைமடுப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும் நேரம் கதவைத் திறந்து வையுங்கள். கிளாஸ்களில் ஊற்றி, யாரும் எதுவும் சொல்லாமல் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, அவரவர் மூக்கில் பட்டதை ஆளுக்கொரு கடதாசியில் எழுதுங்கள். பிரெஞ்சுச் சொல் எழுதினால் செல்லாது. அந்தக் கடதாசிகளைப் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்புங்கள். ஜக்கில் ஒரு விரற்கடை மிச்சம் வைத்து, படுக்கப் போகுமுன் இன்னொருதரம் மணந்து பாருங்கள். என் எர்மித்தாஜில் அந்த நேரத்துக்கு இறைச்சி, புகை எல்லாம் போய், விதை நெல் மணம் மட்டும் இருந்தது.